பூண்டுப் பொடியும் கமலியின் ஏப்பமும்

1. காற்று எந்தப் பக்கம்?

முப்பத்து மூன்று வருடம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். ஊசி போட்டிருக்கிறேன், சினை பார்த்திருக்கிறேன், கொட்டும் மழையில் கன்று இழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் மாட்டின் மூக்குக்கு நேரே ஒரு கருவியை நீட்டிக்கொண்டு, அது எப்போது ஏப்பம் விடும் என்று காத்து நின்றதெல்லாம் ஓய்வு பெற்ற பிறகுதான்.

ஓய்வு பெற்று நான்கு மாதம் திருநகர் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால், ஃபேனைத் துடைக்கச் சொன்னால் ஃபேனைக் கழற்றிப் போட்டுவிட்டு முழிப்பது போன்ற வேலைகள். "எங்கிட்டாவது வேலைக்குப் போங்க, என் உசுர எடுக்காதீக" என்று என் மனைவி சொன்ன அதே வாரத்தில் டாக்டர் நிவேதாவிடமிருந்து போன் வந்தது. தீவன ஆராய்ச்சி செய்பவர். என் மகள் வயதுதான் இருக்கும். திருவாதவூரில் இருபது வீடு, வீட்டுக்கு ஒரு கறவை மாடு, தீனியில் ஒரு பொடி கலந்து கொடுத்து மாடு விடும் மீத்தேன் வாயு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். கள மேற்பார்வைக்கு ஆள் வேண்டும் என்றார்.

"நீங்க பேசுனா ஊர்ல கேப்பாங்க சார். எங்களுக்கு அந்த மாதிரி விளக்கத் தெரியாது" என்றும் சொன்னார். இந்த ஒரு வரியில் நான் விழுந்துவிட்டேன். அந்த வரியைப் பின்னால் நினைத்து நினைத்து வெட்கப்பட வேண்டி வந்தது.

முதல் நாள், பால் சொசைட்டி வாசலில் கூட்டம். மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய ஊறல் தொட்டி, அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வைக்கோலையும் புல்லையும் உடைக்கின்றன, உடைக்கும்போது காற்று உண்டாகிறது, அந்தக் காற்று மேலே போய் பூமியைச் சூடாக்குகிறது என்று நான் விளக்கினேன். கருவியை எடுத்துக் காட்டினேன். கைக்கு அடக்கமான லேசர் கருவி, பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும்.

"அப்ப மாட்டுக்குப் பின்னாடியில்ல சார் நிக்கணும்?" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது.

"எல்லாரும் அப்படித்தான்யா நினைக்கிறாக. பெரும்பாலும் முன்பக்கமாத்தான் வருது. ஏப்பம்" என்றேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு பெண் எழுந்து கேட்டார். "சார், அந்தக் காத்து நான் வைக்கிற தீனியில இருந்துதான வருது? அப்ப நான் பாத்துப் பாத்து வைக்கிறதுல கொஞ்சம் மாட்டு உடம்புல ஒட்டாம காத்தாப் போயிருதா?"

நான் அசந்து போனேன். பூமி சூடாவதைப் பற்றி நான் பத்து நிமிடம் பேசினேன். அவர் ஒரே கேள்வியில் மாட்டின் வயிற்றுக்குள் போய்விட்டார். அவர்தான் பஞ்சவர்ணம். நாற்பது நாற்பத்தைந்து வயது. கமலி என்று ஒரு ஜெர்சி கலப்பு மாடு வைத்திருந்தார்.

"ஆமாம்மா. தீனியோட சத்துல ஒரு பங்கு அப்படித்தான் போகுது" என்றேன்.

"எம்புட்டு போகுதுன்னு எங்க கமலிக்கும் பாத்துச் சொல்லுவீகளா?"

"அதுக்குத்தானம்மா வந்திருக்கேன்."

பிறகு பொடிப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். குப்பென்று பூண்டு நாற்றம். சிலர் மூக்கைப் பிடித்தார்கள். நான் வழக்கம்போல் கையை ஆட்டிப் பேசினேன். "பயப்படாதீங்க. இது மருந்து மாயமில்ல. பூண்டு, எலுமிச்சைத் தோலு, அம்புட்டுதான். நீங்க தினம் சமையல்ல போடுறதுதான். காலையிலயும் மத்தியானமும் மாட்டுத் தீனியில நல்லாக் கலந்து குடுங்க." யாரும் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. எவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

2. நான்கு நிமிடம்

இந்தக் கருவியைப் பிடிப்பது சுலபம் என்று நினைத்தேன். மாட்டுக்கும் கருவிக்கும் ஒரு மீட்டர் இடைவெளி, மூக்கு நுனிக்குக் குறி, நான்கு நிமிடம் கை அசையக் கூடாது. மாடு படுத்து அசை போடும் நேரமாக இருந்தால் நல்லது. எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சுக்குச் சின்ன எண், ஏப்பம் வந்தால் சட்டென்று ஏறி இறங்கும். அந்த ஏற்றத்தைத்தான் குறிக்க வேண்டும்.

மாடுகளுக்கு இதெல்லாம் யார் சொல்வது? ஒன்று தலையைத் திருப்பிக்கொள்ளும். ஒன்று எழுந்து நிற்கும். கமலி மட்டும் கழுத்தை நீட்டி லேசரை நக்க வரும். நான் பின்னால் போகப் போக அதுவும் கயிற்றின் எல்லை வரைக்கும் வரும். பஞ்சவர்ணம் அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே, "போட்டோ எடுக்கிறாகன்னு நினைச்சுக்கிருச்சு சார்" என்பார்.

முதல் இரண்டு வாரம் பொடி இல்லாமல் அளந்தோம். அந்தந்த மாட்டுக்கு அதன் பழைய கணக்கே அளவுகோல். மூன்றாவது வாரம் பொடி தொடங்கியது. ஐந்தாவது வாரம் குறிப்பேட்டைப் புரட்டியபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வீடு ஏப்பத்தின் எண் இறங்கியிருந்தது. சில வீட்டில் நிறைய, சில வீட்டில் சுமாராக. முப்பத்து மூன்று வருடம் மாட்டின் வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தவன், அதற்குள் நடப்பது ஒரு பொடியால் மாறுவதை எண்ணாகப் பார்க்கிறேன். சின்னப் பையன் மாதிரி தினமும் கருவியோடு பஸ் ஏறினேன்.

இறங்காத மாடு ஒன்றே ஒன்று. கமலி.

என் சுற்றில் கடைசி வீடு பஞ்சவர்ணத்தின் வீடு. அங்கே போய்ச் சேர ஒரு மணி ஆகிவிடும். பசி வயிற்றைக் கிள்ளும் நேரத்தில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தாலே பூண்டு ரசம் மணக்கும். என் டிபன் பாக்ஸில் ஆறிப்போன தயிர்சாதம் இருக்கும். ஒரு நாளாவது இந்த வீட்டம்மா "ஒரு வாய் ரசம் குடிங்க" என்று சொல்ல மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஏங்கியிருக்கிறேன்.

அவருக்கு என் பசி தெரியவில்லை. அவர் கவனமெல்லாம் கருவியில் இருந்தது. "குறைஞ்சிருக்கா சார்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார், பிள்ளையின் பரீட்சை மார்க் கேட்பது போல.

"இன்னும் இல்லம்மா. பாப்போம்."

"பக்கத்து வீட்டுக்குக் குறைஞ்சிருச்சாமே?"

"அது குறைஞ்சிருக்கு."

"ஒரே பொடிதான சார் எல்லாருக்கும்?"

"ஒரே பொடிதான்."

அவர் கமலியைப் பார்ப்பார். கமலி சாவகாசமாக ஒரு ஏப்பம் விடும். எண் ஏறும்.

3. படிவத்தில் ஒரு கட்டம்

காலிப் பொட்டலங்களைச் சொசைட்டியில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பொடி போட்டார்களா என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பஞ்சவர்ணம் ஒன்றுகூட விடாமல், நான்காக மடித்து, நூல் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். வாங்கி வைப்பவர் செயலாளர் ராமலிங்கம். அவர் வீட்டு மாடும் இருபதில் ஒன்று.

ஆறாவது வாரம், சாயங்காலப் பால் ஊற்றும் நேரம். கேனும் தூக்குவாளியுமாக ஜனம் நின்றது. ராமலிங்கம் என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே சொன்னார். "பத்தொன்பது மாட்டுக்குக் கேட்ட பொடி ஒரு மாட்டுக்கு மட்டும் கேக்கலையாம். மாட்டு வயித்துக்குப் போனாத்தான சார் கேக்கும்?"

பஞ்சவர்ணம் வரிசையில்தான் நின்றார். "என்னண்ணே சொல்றீக?"

"ஒண்ணும் சொல்லலத்தா. உங்க தெருவுல நொழஞ்சாலே பூண்டு ரசம் மணக்குது. பூண்டு விக்கிற விலையில தினம் ரசம் வைக்கிற வீடு எதுன்னுதான் யோசிக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். பஞ்சவர்ணத்தின் முகம் கறுத்தது. "நான் பொட்டலத்துல ஒரு தூசி தங்காம தட்டிப் போடுறேன். என் மாட்டுக்கு வந்ததைத் திருடித் திங்கிற பொழப்பா என் பொழப்பு? சார், நீங்க சொல்லுங்க சார்."

நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால் அந்த வாசத்தை நானும்தான் இத்தனை வாரமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். ராமலிங்கம் சொன்னதும் அந்த வாசமும் இறங்காத எண்ணும் என் மனதில் ஒட்டிக்கொண்டன. "பாத்துக்கலாம்மா, விடுங்க" என்று வழுக்கினேன். பஞ்சவர்ணம் பாலை ஊற்றிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

வீட்டுக்கு வந்து வாரப் படிவம் எழுதினேன். அதில் ஒரு கட்டம் உண்டு: வழிமுறையைப் பின்பற்றினாரா? பஞ்சவர்ணத்தின் பெயருக்கு நேரே "பின்பற்றவில்லை" என்று எழுதினேன். அப்படி எழுதினால் மறுவாரம் அந்த வீடு பட்டியலிலிருந்து நீங்கிவிடும். ஊர் அதை எப்படிப் படிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

4. கொல்லைப்புற அடுப்பு

மறுநாள் மீதிப் பொட்டலங்களை வாங்கிவரப் போனேன். கமலி வாசலில் படுத்திருந்தது. வீட்டில் குரல் கொடுத்தேன், பதில் இல்லை. பூண்டு வாசம் மட்டும் மூக்கைத் துளைத்தது. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற எண்ணத்தோடு, சந்து வழியாகக் கொல்லைப்புறம் போனேன்.

அங்கே விறகடுப்பில் ஒரு பெரிய அலுமினியக் குண்டான். அதில் ஆட்டின பருத்திக்கொட்டையும் அரிசி நொய்யும் கஞ்சியாகத் தளதளவென்று கொதித்தது. பஞ்சவர்ணம் பொட்டலத்தைப் பிரித்து, விரலால் சுண்டிச் சுண்டித் தட்டி, முழுப் பொடியையும் கஞ்சியில் கொட்டினார். நீளமான அகப்பையால் துழாவினார். ஆவி எழுந்தது. நான் ஏங்கிய ரசம் அந்த ஆவிதான்.

"என்னம்மா செய்றீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். முந்தின நாள் அழுதது முகத்தில் தெரிந்தது. "பாருங்க சார். நல்லாப் பாருங்க. இதுல எங்க வீட்டு ரசம் எங்க இருக்குன்னு பாருங்க."

"பொடியைக் கொதிக்க வைக்கிறீங்களா?"

"பெறகு? கமலி மொத நாளு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு. நீங்கதான பூண்டுன்னு சொன்னீக. பூண்டுன்னா பச்சை வாசம் போக வேணாமா? வாயில்லாச் சீவன்னு அப்படியே போட்டுருவாகளா? மனுசருக்குன்னா அப்படிக் குடுப்பமா?"

"எவ்வளவு நேரம் கொதிக்கும்?"

"வாசம் சுத்தமாப் போற வரைக்கும். கால் மணி, அரை மணி. ஏன் சார்?"

நான் அடுப்புக்குப் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்தே டாக்டர் நிவேதாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், அந்த வாசனைதான் வேலை செய்ற சரக்கே. கொதிச்சா அது ஆவியில போயிரும். மிச்சம் வெறும் தூசிதான்."

"கொதிக்க வைக்கக் கூடாதுன்னு எனக்கு நீங்க சொல்லலையே மேடம்."

"சொல்லல சார். எங்க பண்ணையில யாரும் மாட்டுத் தீனியை அடுப்புல வைக்க மாட்டாங்க. எனக்குத் தோணவே இல்ல."

போனை வைத்தேன். பஞ்சவர்ணம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். குண்டானைப் பார்த்தார், மேலே போகும் ஆவியைப் பார்த்தார்.

"அப்ப இம்புட்டு நாளும் கமலிக்குப் போக வேண்டியதைத் தெருவுக்கு வச்சிருக்கேன்" என்றார். பிறகு விறகை வெளியே இழுத்துவிட்டு, "ஏன் சார், பச்சை வாசம் அந்தக் கிருமியைக் கொன்னுபுடுமா, இல்ல மயங்க வைக்குமா?" என்று கேட்டார்.

திருடி என்று ஊரே பேசுகிறது, அந்த நேரத்திலும் அவருக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எனக்கு விடை சரியாகத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேன்மா" என்றேன். அந்த வேலையில் நான் சொன்ன முதல் உண்மையான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

கிளம்பும்போது அவர் சொன்னார். "சார், எல்லார் முன்னாடியும்தான சொன்னாக? எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லிருங்க. எனக்கு அது போதும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "நீங்க என்னன்னு சொல்லிக் குடுத்தீக?" என்றாள். கூட்டத்தில் பேசியதை அப்படியே ஒப்பித்தேன். தலையில் அடித்துக்கொண்டாள். "சமையல்ல போடுற பூண்டுதான்னு சொல்லிப்புட்டு, அடுப்புல ஏத்தாதன்னு சொல்லலைன்னா எந்தப் பொம்பள சும்மா விடுவா? ஒரு நாளு ரசம் கொதிக்கிறதை நின்னு பாத்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்." கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல். அவள் சொன்னது சரிதான். நான் பார்த்ததில்லை.

படிவம் மேஜையில் கிடந்தது. நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை. "பின்பற்றவில்லை" என்பதை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன்: சொன்னபடியே செய்தார். சொன்னவர் சரியாகச் சொல்லவில்லை.

5. எத்தனை கை

மறுநாள் சாயங்காலம் சொசைட்டியில் பால் ஊற்ற வந்தவர்களைப் போகாமல் நிற்கச் சொன்னேன். அதிகாரியாக இருந்தவனுக்குத் தப்பு என்னுடையது என்று பொதுவில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பஞ்சவர்ணம் பொடியை ஒரு தூசி வீணாக்கல. நல்லா ஆக்கி, வாசம் போகக் காய்ச்சி, கமலிக்குத்தான் குடுத்திருக்காங்க. சூடு பட்டாப் பொடி செத்துப்போகும். அதைச் சொல்ல வேண்டியவன் நான். சொல்லல. நேத்து இல்ல, முந்தாநேத்து இங்க ஒரு பேச்சு வந்தப்ப வாயை மூடிக்கிட்டு நின்னதும் நான்தான். அதுக்கு அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

ராமலிங்கம் கல்லாப் பக்கம் எதையோ தேட ஆரம்பித்தார். "சூடுன்னா எம்புட்டு சூடு சார்? மத்தவங்க எல்லாரும் பச்சையாத்தான குடுக்கிறாக?" என்றார் தலையைத் தூக்காமல்.

நல்ல கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "உண்மையைச் சொல்லுங்க. வேற யாரெல்லாம் கொதிக்க வைக்கிறீங்க? யாரையும் பட்டியல்ல இருந்து எடுக்க மாட்டோம்" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. அடுத்து ஒன்று. இன்னொன்று. மூன்றுமே, எண் சுமாராக மட்டும் இறங்கிய வீடுகள். நான்காவது கை வாசற்படியோரம் மெல்ல உயர்ந்தது. சொம்போடு நின்றவர் ராமலிங்கத்தின் மனைவி லட்சுமி.

"நான் ரொம்பக் கொதிக்க விடுறதில்ல சார். ஒரே ஒரு கொதிதான். பச்சை வாசம் போனதும் இறக்கிருவேன்" என்றார்.

ராமலிங்கம் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். சொசைட்டியே பஞ்சவர்ணத்தைப் பார்த்தது. அவர் சிரிக்கவில்லை. "மதினி, இனிமே ஆற வச்சுட்டுப் போடுங்க. நானும் அப்படித்தான் போடப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டார். ராமலிங்கம் அவர் பின்னாலேயே வாசல் வரை போனார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் முகம் முந்தாநாள் பஞ்சவர்ணத்தின் முகம் மாதிரியே கறுத்திருந்தது.

6. ஒரு வாய்

கமலிக்குப் பச்சைப் பொடியைப் பழக்கியதும் பஞ்சவர்ணம்தான். முதல் நாள் ஒரு சிட்டிகை, மறுநாள் இரண்டு, மேலே துளி வெல்லம். ஒரு வாரத்தில் முழுப் பொட்டலமும் உள்ளே போனது. கொதிக்க வைத்த வாரங்களின் அளவுகளைக் குப்பையில் போட வேண்டாம், அதுவும் ஒரு பாடம்தான் என்று டாக்டர் நிவேதா தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். கிருமி சாகிறதா மயங்குகிறதா என்ற கேள்வியையும் அவரிடம் சேர்த்தேன். காற்றை உண்டாக்கும் கிருமியைப் பொடி கட்டிப் போடுகிறது, அது எப்படி என்று முழுசாகத் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார். அதை அப்படியே பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். "படிச்சவங்களுக்கும் தெரியலையா? சரி, பாக்கட்டும்" என்றார். அவருக்கு அதில் ஒரு திருப்தி.

இப்போது இதே வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பொடியைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னால் கொல்லைப்புறம் போய்ப் பாருங்கள். அந்த வீட்டில் மாட்டுக்கு என்ன வைக்கிறார்கள், எதில் வைக்கிறார்கள், அடுப்பு உண்டா என்று கேளுங்கள். நம் பேச்சைக் கேட்கவில்லை என்று எழுதுவதற்கு முன், நாம் என்ன பேசினோம் என்று நினைத்துப் பாருங்கள். புதுப் பொட்டலத்தில் இப்போது கொட்டை எழுத்தில் "கொதிக்க வைக்கக் கூடாது" என்று அச்சடித்திருக்கிறது.

கடைசியாக அளந்த நாளில் மணி ஒன்று. தெருவில் வாசமே இல்லை. கமலி வழக்கம்போல் லேசரை நக்க வந்தது. நான்கு நிமிடம் பிடித்தேன். ஒரு ஏப்பம், இரண்டாவது ஏப்பம். எண் முன்பு ஏறிய இடம் வரைக்கும் ஏறவில்லை. கருவியைத் திருப்பிப் பஞ்சவர்ணத்திடம் காட்டினேன்.

"குறைஞ்சிருக்கா சார்?"

"குறைஞ்சிருக்கும்மா."

அவர் கமலியின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர், அதிலிருந்து ஆவி. பூண்டு ரசம்.

நான் தயங்கினேன்.

"தைரியமாக் குடிங்க சார். எங்க வீட்டுப் பூண்டுதான். நல்லாக் கொதிக்க வச்சிருக்கேன்" என்றார் பஞ்சவர்ணம்.